நந்தினியை யார் எழுதுவது?

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்தது. தொடர் முடிந்தும் அதன் மாந்தர்களை வாசகர்கள் விட்டுவிடவில்லை. அவர்களை வைத்து விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யையும், அனுஷா வெங்கடேஷ் ‘காவிரி மைந்த’னையும் எழுதினர். இன்று இளம்பெண்கள் பலர் கைப்பேசியிலேயே நந்தினிக்கும் குந்தவைக்கும் புதிய அத்தியாயங்களைப் படைக்கின்றனர். ரசிகர் புனைவு எனப்படும் இம்முயற்சியை வெறும் காதல் மயக்கம் என்று பெற்றோர் கடிந்துகொள்வதை எங்கள் திருப்பனந்தாள் பக்கத்திலும் கேட்கிறேன். அது சரியன்று.

ஒருவரின் தேர்வு அவரது விருப்பத்தை மட்டுமன்று, அவர் முன் வைக்கப்பட்ட பண்டங்கள் எவை என்பதையும் காட்டும். இது பொருளியலின் பாலபாடம். 2019இல் ஹியூகோ விருது பெற்ற ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ என்னும் ரசிகர் புனைவுத் தளத்தில் இரு ஆண்களுக்கிடையிலான காதல் கதைகளே மிகுதி. எழுதுவோரிலோ ஆண்கள் சிறுபான்மையினர். தன்பால் ஈர்ப்புடையோர் தம் வாழ்வைத் தாமே எழுதிக்கொள்வது ஒரு காரணம். மூலக் கதைகளில் வீரமும் தடுமாற்றமும் நட்பும் ஆண்களுக்கே வழங்கப்பட்டிருப்பது மற்றொன்று. ஆழமான பாத்திரத்தைத் தேடுபவர், இருப்பதிலிருந்துதானே எடுக்க முடியும்?

கல்கி வைத்த பந்தி வேறு. குந்தவையும் நந்தினியும் அரசியலையே நகர்த்துகின்றனர். ஆகவே, நம் பெண்கள் அவர்களையே தேர்கின்றனர். ஆயினும் நந்தினியின் அழகை நாம் பெரும்பாலும் அவளைக் கண்டு மயங்கும் ஆண்களின் கண்வழியே காண்கிறோம். அவள் எதை விரும்பினாள் என்ற கேள்வியில்தான் புதிய எழுத்து தொடங்குகிறது.

இது நம் மரபுக்குப் புறம்பானதுமன்று. கம்பனில் தாடகை இராமன் அம்புக்கு இரையாகிறாள். எங்கள் ஊர்க் கோயிலின் பெயரோ தாடகையீச்சரம். மாலை சூட்டும்போது ஆடை நெகிழ, தவித்து நின்ற தாடகை என்னும் அடியவளுக்காக இறைவனே தலைசாய்த்தார் என்கிறது தலவரலாறு. பெயர் ஒன்று; சொல்வோர் மாற, பெண்ணின் இடமும் மாறுகிறது.

கல்கியின் நூல்கள் 1999இல் நாட்டுடைமையானதால் அவரது மாந்தரை எவரும் அச்சமின்றி எழுதலாம். பிற படைப்புகளுக்கு, ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள்வரை பதிப்புரிமை உண்டு. விற்பனை நோக்கமற்ற ரசிகர் எழுத்துக்குச் சட்டத்தில் தெளிவான இடமளிப்பது நல்லது. அதற்கு முன், மகளின் கைப்பேசியைப் பறிக்கும் பெற்றோர் அவள் எழுதியதை ஒருமுறை படித்துப் பார்க்கட்டும்.