வெண்பனி நாட்டின் பறையை அடக்கியவர் யார்?

கிரீன்லாந்தின் இனுவிட்டு மக்களிடம் 'கிலாத்து' என்னும் பறை ஒன்றுண்டு. மரத்தாலோ என்பாலோ ஆன நீள்வட்டச் சட்டம். அதன்மேல் இழுத்துக் கட்டிய மெல்லிய தோல். கீழே ஒரு கைப்பிடி. கோல் தாக்குவது தோலையன்று, சட்டத்தின் விளிம்பையே. ஏந்தியவர் முழங்கால் மடித்து, உடலசைத்துப் பாடுவார். பாட்டு அவரே யாத்ததாகவோ முன்னோரிடம் பெற்றதாகவோ இருக்கும்.

இதனை வெறும் பொழுதுபோக்கென எண்ணுவார் எண்ணட்டும். அம்மக்களின் வழக்குமன்றமும் இதுவே. ஒருவன்மேல் குறையுடையவன் அவனை ஊரார் முன்னிலையில் பறைப்பாட்டுப் போருக்கு அழைப்பான். இருவரும் எதிரெதிரே நின்று, மாறிமாறி எள்ளிப் பாடுவர். ஏசப்படுபவன் சினங்கொள்ளாது கேட்டு நிற்றல் வேண்டும். ஊராரின் நகைப்பே தீர்ப்பு. குருதி சிந்தாமல் பகை தணிக்கக் கற்ற இம்மக்களையா பண்படாதோர் என்று திருத்தப் புறப்பட்டனர்?

1721-ஆம் ஆண்டில் ஆன்சு எகெடே என்னும் நார்வே நாட்டுச் சமயப் பரப்பாளர், தென்மார்க்கு மன்னரின் இசைவோடு அங்கு வந்திறங்கினார். அவர் தேடிவந்தவர் இனுவிட்டு மக்களே அல்லர். முன்னொருகால் அங்குக் குடியேறிய நார்வேயரின் வழித்தோன்றல்கள்! அவர்களுள் ஒருவரும் எஞ்சியிலர். ஆகவே திருத்தும் பணி இனுவிட்டு மக்கள் தலையில் விழுந்தது. ஆவியழைப்போரும் பறையையே கையாண்டனர் ஆதலின், பறையே பேய்த்தொழில் எனப் பழிக்கப்பட்டது, தடுக்கப்பட்டது. மேற்குக் கரையில் அதன் ஒலி ஓய்ந்தது.

"அம்மொழியைக் காத்தவரும் அவர்தாமே" என மறுப்புரைப்பார் உளர். எகெடேயின் மகன் பவுல் 1750-இல் கிரீன்லாந்து மொழிக்கு அகரமுதலியும், 1766-இல் புதிய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பும் வெளியிட்டது மெய்யே. எதன்பொருட்டு? தம் சமயத்தை ஊட்டுதற்கு அம்மொழி வேண்டியிருந்தது. அம்மக்கள் தம் பாட்டைப் பாடுதற்கு அன்று. நாவை வாங்கிக்கொண்டு பறையைப் பறித்தது காப்பாகுமோ?

பறை பிழைத்தது அவர்தம் கால் பிந்திப்பட்ட இடங்களில்தான். கிழக்கே அம்மாசலிக்கில் 1894-இலும், வடக்கே தூலேயில் 1909-இலுமே சமய நிலையங்கள் எழுந்தன. அவ்விடங்களில் முதியோர் நெஞ்சில் தங்கிய பாட்டும் அடியுமே பின்னர் மேற்கில் மீளக் கற்கப்பட்டன. 2009-இல் தன்னாட்சிச் சட்டம் கிரீன்லாந்து மொழியையே ஆட்சிமொழியாக்கிற்று.

2021-இல் யுனெசுகோ மன்றம் இனுவிட்டுப் பறையாட்டத்தையும் பாட்டையும் மாந்தப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. எந்நாட்டின் பெயரில்? தென்மார்க்கின் பெயரில்! தன்னாட்சி பெற்றும் தனிநாடாகாத கிரீன்லாந்து, தன் பறையைத் தன் பெயரால் அங்குப் பதிய இயலவில்லை.