எந்த இடத்தில் சிரித்தோம்?

சென்ற ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, விடுதியின் பொது அறையில் நம் மாணவர்கள் இருபது பேர் கூடி ஒரு படம் பார்த்தோம். படத்தின் பெயர் "அம்மன்". தாராவியில் எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் கிடந்த பழைய வி.சி.டி. தகடுகளை எடுத்து வந்தவன் நான்தான். இக்காலத்து மடிக்கணினிகளில் தகடு செருக இடமில்லை. இயற்பியல் படிக்கும் நண்பர் ஒருவர் எங்கிருந்தோ ஒரு கருவி தேடிக் கொணர்ந்து இணைத்தார். சுவர் நிறையப் படம் விரிந்தது. அது முடியும் வரை அறை சிரிப்பால் அதிர்ந்தது.

படம் முடிந்ததும் கருத்துகள் பறந்தன. "இது பயப்படுத்துகிற படமா, பல் விளக்குகிற நேரத்தில் பார்க்கிற படமா?" என்றார் ஒருவர். "பக்தியை விற்றுப் பணம் பண்ணிய படம்" என்றார் பகுத்தறிவில் ஈடுபாடுள்ள இன்னொருவர். "சிறு வயதில் இந்தக் கோரக்கைக் கண்டு போர்வைக்குள் ஒளிந்தேன், இன்று இவ்வளவுதானா என்று இருக்கிறது" என்று ஏக்கத்தோடு சொன்னார் மூன்றாமவர். மூவரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இங்கே எழுத வந்தேன்.

படத்தை அறியாதவர்களுக்குச் சில சொற்கள். 1995-ஆம் ஆண்டு தெலுங்கில் "அம்மோரு" என்ற பெயரில் வந்து, தமிழில் "அம்மன்" என்று பேசிய படம் இது. இயக்கியவர் கோடி ராமகிருஷ்ணா. தயாரித்தவர் சியாம் பிரசாத் ரெட்டி. 2009-இல் "அருந்ததி" என்ற பேய்ப்படத்தைத் தந்தவர்களும் இவ்விருவரே. அம்மனாக ரம்யா கிருஷ்ணன். அம்மனின் அடியாளான பவானியாக சௌந்தர்யா. மந்திரவாதி கோரக்காக ராமி ரெட்டி. கணினி வரைகலையைத் தென்னிந்தியத் திரை பெரிய அளவில் கையாளத் தொடங்கிய காலத்துப் படங்களில் இது முக்கியமானது. அதனால்தான் அன்று அது அதிசயமாய் இருந்தது. அதனால்தான் இன்று அது நகைப்பாகவும் இருக்கிறது.

நாங்கள் சிரித்ததற்கு அறிவியல் காரணமும் ஒன்று உண்டு. வி.சி.டி.யில் பதியும் படம் குறுக்கே 352 புள்ளி, நெடுக்கே 288 புள்ளி, அவ்வளவே. சிறு தொலைக்காட்சிப் பெட்டியில் அது கண்ணுக்குப் பழுதாகத் தோன்றாது. விடுதிச் சுவரளவுக்கு அதை நீட்டினால், அம்மனின் திருமுகமும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். பதினான்கு அங்குலத்துக்கு உரியதைப் பத்தடிக்கு இழுத்துப் பார்த்துவிட்டுப் "படம் மோசம்" என்று தீர்ப்பளித்தோம். இது பார்த்த பொருளின் குற்றமா, பார்த்த முறையின் குற்றமா? அளவீடு பயில்கிற நாமே இதை மறந்தோம்.

இனி, அந்தத் தகடுகள் முதலில் ஓடிய இடத்துக்கு வாருங்கள்.

தாராவியில், தொண்ணூறடி சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்கள் கோலி. பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதில் ஆறு பேர். நெல்லைச் சீமையிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் அந்தச் சந்து முழுக்க. 2007-இல் மோசர் பேயர் நிறுவனம் வி.சி.டி. ஒன்றை 28 ரூபாய்க்கு விற்கத் தொடங்கியது உங்களில் பலருக்கு நினைவிருக்கலாம். தகடு மலிவான அந்த நாட்களில்தான் எங்கள் சந்துக்கும் ஒரு பிளேயர் வந்தது. ஆடி மாதத்தில் கூழ் ஊற்றும் நாளன்று பெட்டியை வாசற்படியில் திருப்பி வைப்பார்கள். பெண்கள் முன்னே, பிள்ளைகள் அவர்கள் மடியில், ஆண்கள் சுவரோரம். படம் "அம்மன்".

ஒரு தகட்டில் எழுபத்து நான்கு நிமிடம்தான் அடங்கும். ஆகவே நடுவில் தகடு மாற்ற வேண்டும். அந்த இடைவேளையில்தான் சந்தின் விமரிசனம் நடக்கும். எந்தப் பத்திரிகை விமரிசகரும் அந்தப் பெண்களிடம் பாடம் கேட்கலாம். கிராபிக்ஸ் பற்றி அவர்கள் ஒரு சொல்லும் பேசியதில்லை. "அந்தப் புருசங்காரன் எதுக்கு வெளிநாட்டுக்குப் போனான்? கட்டுனவள இந்தக் கூட்டத்துக்கிட்ட விட்டுட்டுப் போவானா ஒருத்தன்?" இதுதான் முதல் கேள்வி. பவானியைப் படாத பாடு படுத்தும் வீட்டுப் பெரிய பெண்மணியைக் கண்டு எங்கள் ஆச்சி, "இப்படியும் ஒரு பொம்பள உண்டுமா!" என்று கொதிப்பார். பக்கத்தில் இருக்கும் என் தாயார் தலையைக் குனிந்துகொண்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார். அழுகிறார் என்று அன்று நினைத்தேன். சிரிப்பை அடக்கினார் என்பது எனக்கு மீசை முளைத்த பிறகுதான் விளங்கியது.

மேல்நாட்டிலும் இத்தகைய படம் ஒன்று வீட்டுக்குள் நுழைந்த கதை உண்டு. 1973-இல் வெளிவந்த "தி எக்சார்சிஸ்ட்", பேய் பிடித்த சிறுமியையும் பேயோட்டும் பாதிரிமாரையும் பற்றியது. இங்கிலாந்தில் அதைத் திரையரங்கில் காட்டத் தடையில்லை. ஆனால் 1984-இல் வீடியோப் பதிவுகளுக்குத் தனிச் சட்டம் வந்தபின், வீட்டில் பார்ப்பதற்கான சான்று அதற்குக் கிட்டவில்லை. 1988 முதல் கடைகளில் அது இல்லை. 1999-இல்தான் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோர்க்கென்று வெட்டின்றி அனுமதித்தார்கள். இளம் பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், வீட்டில் அதைக் கண்டு மிரள்வார்கள் என்று தணிக்கையாளர் அஞ்சினர். பெரிய திரையில் பொறுக்கத்தக்க பயம், வீட்டுக்குள் வந்தால் பொறுக்க முடியாததாகிறது என்பது அவர்கள் வாதம்.

தாராவிச் சந்தில் அப்படி அஞ்சியவர் எவருமில்லை. ஏழு வயதில் நான் கோரக்கைக் கண்டு பல இரவுகள் விளக்கணைக்க விடாமல் அழுதது உண்மை. ஆயினும் சந்துப் பெண்களின் பயம் அந்தக் கோரக்கிடம் இல்லை. அந்த வீட்டு அடுக்களையிலேயே அவர்களுக்குப் படம் பயங்கரமாகத் தொடங்கிவிட்டிருந்தது. பேய் வெளியிலிருந்து வீட்டுக்குள் வரும் என்று ஆங்கிலேயன் அஞ்சினான். வீட்டுக்குள்ளேயே இருப்பதைப் பற்றி எங்கள் சந்து பேசிக்கொண்டிருந்தது.

இது "அம்மன்" படத்துக்கு மட்டும் உரியதன்று. 1975-இல், "ஷோலே" வந்த அதே ஆண்டில், "ஜெய் சந்தோஷி மா" என்ற சிறு இந்திப் படம் இந்தப் பம்பாயையே புரட்டிப் போட்டது. கொட்டகைக்கு வெளியே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மக்கள் உள்ளே சென்றார்கள். திரையை நோக்கிப் பூவும் காசும் எறிந்தார்கள். அந்தக் கதையும் என்ன? ஓரகத்திகளால் வதைக்கப்படும் சத்தியவதி என்னும் மருமகள். கண் காணாத இடத்தில் கணவன். கடைசியில் தேவி வந்து காக்கிறாள். இந்தியானாலும் தெலுங்கானாலும் தமிழானாலும் கதை ஒன்றே. கோடிக்கணக்கான பெண்கள் மீண்டும் மீண்டும் ஒரே கதைக்குக் காசு கொடுக்கிறார்கள் என்றால், அது வெறும் மூடத்தனம் என்று ஒதுக்கிவிடுவது ஆராய்ச்சி ஆகாது.

"அப்படியானால் நீ அம்மன் கட்சியா?" என்று பகுத்தறிவு நண்பர் கேட்கலாம். இல்லை. நுண்ணுயிரியல் படிக்கிறவன் நான். நம் மொழியில் தாய்க்கும் அம்மை. கொப்புளம் கண்டு கொல்லும் நோய்க்கும் அம்மை. அஞ்சியதைத் தாயே என்று அழைத்துப் பணிந்தது நம் முன்னோர் வழி. ஆனால் அந்தப் பெரியம்மை போனது வேப்பிலையால் அன்று; 1796-இல் ஜென்னர் கண்ட வழியால். இந்தியாவில் முதன்முதலாக அந்த ஊசி ஏறியதும் இந்த நகரத்திலேதான்: 1802 ஜூன் 14-ஆம் நாள், அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்கு. 1980-இல் உலகிலேயே பெரியம்மை இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இதிலே எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது.

என் தாயாருக்கும் கிடையாது என்பதுதான் வேடிக்கை. "அம்மன்" தகடுகள் கிடந்த அதே தகரப் பெட்டியில், அவற்றுக்கு அடியிலே, எங்கள் மூவருக்கும் போட்ட தடுப்பூசி அட்டைகள் இருந்தன. ஒரு கட்டமும் விடுபடவில்லை. தம்பிக்குச் சின்னம்மை கண்டபோது நிலையில் வேப்பிலை செருகினார். மறுநாளே டாக்டரிடமும் தூக்கிச் சென்றார். நோய்க்கு அவர் தெய்வத்தை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கவில்லை. அதற்கு மருந்துண்டு, மருத்துவமனை உண்டு, அட்டை உண்டு. வேறெதற்கு அவர் தெய்வத்தை நம்பினார்? விடுதியில் படம் பார்த்த மறுநாள் அது எனக்கு விளங்கிற்று.

தொலைபேசியில் கேட்டார்: "எல்லாரும் படம் பாத்தியளா? எப்படி இருந்துச்சு?"

"சிரிச்சுச் சிரிச்சு வயிறே வலிச்சிட்டும்மா."

"சிரிச்சியளா? எந்த எடத்துலல சிரிச்சிய?"

கடைசிச் சண்டையில், மாயத் தோற்றம் வருகிற இடத்தில் என்றேன்.

"அது சரி. அந்தப் புள்ள அடுக்களையில கெடந்து சீரழியுதே, அங்க என்ன செஞ்சிய?"

"அதெல்லாம் ஓட்டி விட்டுட்டோம்மா. ரொம்ப இழுவையா இருந்துச்சு."

சற்று நேரம் ஒலியில்லை. பிறகு, "சரி, சாப்ட்டியா?" என்றார்.

நண்பர்களே, அந்தக் கேள்வி என்னை உறங்கவிடவில்லை. காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். என் அக்காளை செம்பூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். மணமான எட்டாம் மாதம் அவள் வீட்டுக்கு வந்து, அங்கே நடப்பதைச் சொன்னாள். கையிலிருந்த தழும்பையும் காட்டினாள். அப்பா, "பொறுத்துப் போம்மா" என்றார். ஆச்சியும் அதையே சொன்னார். அம்மா வாய் திறக்கவில்லை. அவருக்கு வாய் இருந்த காலம் முடிந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அக்காள் என்னைப் பார்த்தாள். நான் படித்தவன், அம்மனை நம்பாதவன், மேடையில் பகுத்தறிவு பேசிப் பரிசு வாங்கியவன். "கொஞ்ச நாள் பொறுத்துப் பார், அக்கா. எல்லாம் சரியாகிவிடும்" என்றேன்.

எப்படிச் சரியாகும்? யார் வந்து சரிசெய்வார்கள்? பவானியிடம் "பொறு" என்று சொல்கிற படமாவது, கடைசியில் ஒரு தேவியைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. நானோ, வராத தேவியை, வரமாட்டாள் என்று எனக்கே தெரிந்த தேவியை, எதிர்பார்க்கச் சொல்லி என் அக்காளைத் திருப்பி அனுப்பினேன். அந்தப் படத்தைவிட என் பேச்சில் மூடத்தனம் குறைவா?

அக்காள் மறுமுறை வந்தபோது யாரையும் கேட்கவில்லை. பையை வைத்தாள், இனிப் போகமாட்டேன் என்றாள். இப்போது மாட்டுங்காவில் ஒரு கடையில் கணக்கெழுதுகிறாள். 2005-இல் இயற்றப்பட்ட குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் என்று ஒன்று இருப்பதை, முதுகலை படிக்கிற நான் அவளுக்குச் சொல்லவில்லை. அவளோடு வேலை பார்க்கிற ஒரு பெண்மணி சொன்னார்.

ஆகவே என் கருத்து இது. "அம்மன்" போன்ற படங்களை நாம் எதிர்க்கலாம், எதிர்க்கவும் வேண்டும். வதைபடுகிறவளைக் காலமெல்லாம் காத்திருக்கச் சொல்வது அவற்றின் குற்றம். வேண்டியவளுக்கு வருகிற தேவி, அடுத்த வீட்டுக்காரிக்கு ஏன் வரவில்லை என்று அவை கேட்பதில்லை, அதுவும் குற்றம். ஆனால் நாம் அங்கே எதிர்க்கவில்லை. கட்டம் கட்டமாய்த் தெரிந்த கிராபிக்ஸைக் கண்டு சிரித்துவிட்டு, அதையே பகுத்தறிவு என்று எண்ணிக்கொண்டோம். படத்தில் உண்மையாய் இருந்த ஒரே பகுதியை இழுவை என்று ஓட்டிவிட்டோம். முப்பது ஆண்டுக்கு முந்தைய கணினியைப் பழிப்பதற்குத் துணிவு வேண்டியதில்லை. நம் வீட்டு அடுக்களையில் இன்று நடப்பதைப் பார்த்து வாய் திறப்பதற்குத்தான் அது வேண்டும். அது என்னிடம் இல்லாமற் போயிற்று.

வரும் ஆடியில் நம் சங்கம் இந்தப் படத்தை மீண்டும் போடட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். விடுதிச் சுவரில் வேண்டாம். தாராவிச் சந்தில், சிறு பெட்டியில். தகடு மாற்றும்போது நாம் பேசாமல் இருந்து, அங்குள்ள தாய்மார் பேசுவதைக் கேட்போம். அவர்கள் கேட்கிற கேள்விகளுக்குச் சட்டம் படிக்கும் நம் தோழர்கள் பதில் சொல்லட்டும். தகடுகளை நான் கொண்டுவருகிறேன். ஒரு காட்சியையும் ஓட்டிவிடாமல் பார்ப்போம்.