மழைக்காட்டுக்கு ஒரு கேள்வி

பள்ளியில் 'மழைக்காடுகள்' என்று ப்ராஜெக்ட் கொடுத்தால் ஒரு வரி கட்டாயம் வந்துவிடுகிறது: அமேசான் உலகத்தின் நுரையீரல், நாம் சுவாசிக்கும் ஆக்ஸிஜனில் 20 சதவீதம் அங்கிருந்து வருகிறது. பென்னலூரில் எங்கள் எதிர்வீட்டுப் பெண், ஒன்பதாம் வகுப்பு, போன மாதம் கொண்டுவந்து காட்டிய நோட்டிலும் அது இருந்தது. முத்துமுத்தான கையெழுத்து, பச்சை ஸ்கெட்சில் அடிக்கோடு.

அந்த வரி தவறு. அமேசான் மரங்கள் ஒளிச்சேர்க்கையில் ஏராளமான ஆக்ஸிஜனை வெளிவிடுகின்றன, வாஸ்தவம். ஆனால் அதே மரங்கள் இரவு பகலாகச் சுவாசிக்கவும் செய்கின்றன. கீழே விழுந்த இலையையும் கட்டையையும் மக்கவைக்கும் நுண்ணுயிர்களும் பூஞ்சைகளும் மிச்சத்தை எடுத்துக்கொள்கின்றன. வரவுக்கும் செலவுக்கும் ஏறக்குறைய சரியாகிவிடும். காற்றில் இருக்கும் 21 சதவீத ஆக்ஸிஜன் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த இருப்பு. 2019 ஆகஸ்டில் அமேசான் எரிந்தபோது பிரான்ஸ் அதிபர் மக்ரோனே இந்த 20 சதவீதக் கணக்கை ட்விட்டரில் எழுதினார். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையை எப்படிக் குறை சொல்வது? மழைக்காட்டைக் காப்பாற்ற வேறு வலுவான காரணங்கள் இருக்கின்றன: மரங்களில் சேர்ந்திருக்கும் கரிமம், காடே உண்டாக்கிக்கொள்ளும் மழை, வேறெங்கும் பிழைக்க முடியாத உயிர்கள்.

அந்த வரி தவறு என்றதும், "நெட்ல அப்படித்தான் போட்டிருக்கு அத்தை" என்றாள்.

"சரிம்மா. இதுல நீயா கண்டுபிடிச்சது எது?"

"கண்டுபிடிக்கணுமா? எழுதிட்டு வரத்தான் சொன்னாங்க."

இதுதான் என்னை உறுத்துகிறது. 'மழைக்காடுகள்' என்பது தலைப்பு. அதில் கேள்வி எதுவும் இல்லை. கேள்வி இல்லாத இடத்தில் பிள்ளை என்னத்தைத் தேடும்? எங்கள் பக்கம் பல வீடுகளில் அப்பா ஒரு ஷிப்ட், அம்மா ஒரு ஷிப்ட். கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி வருகிறவர்களைப் பிள்ளையோடு உட்கார்ந்து எழுதச் சொல்ல எனக்கு மனம் வராது. ஜெராக்ஸ் கடையில் தலைப்பைச் சொன்னால் படத்தோடு பிரிண்ட் எடுத்து ஸ்பைரல் பைண்டிங்கும் போட்டுத் தந்துவிடுகிறார்கள். மதிப்பெண்ணும் கிடைக்கிறது.

மழைக்காட்டைப் பற்றி எப்படிக் கேட்பது என்று தெரிந்துகொள்ள பிரேசில் வரை போக வேண்டாம், வால்பாறை போதும். தேயிலைக்கும் காப்பிக்கும் 1890-களிலிருந்து அங்கே காடு வெட்டப்பட்டது. எஸ்டேட்டுகளுக்கு நடுவே துண்டு துண்டாகக் கொஞ்சம் மிஞ்சியது. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷனின் திவ்யா முடப்பாவும் டி.ஆர். சங்கர் ராமனும் எஸ்டேட்டுகளோடு சேர்ந்து, இருபதாண்டுகளுக்கும் மேலாக அந்தத் துண்டுகளை மீட்டுவருகிறார்கள். உன்னிச்செடியை அகற்றி, வெடிபலா, நாங்கு, கருங்குங்கிலியம் போன்ற அந்த மண்ணுக்கே உரிய மரங்களின் கன்றுகளை நாற்றங்காலில் வளர்த்து நடுகிறார்கள். அந்தக் குழு 2019-ல் 'ஈகோஸ்பியர்' ஆய்விதழில் ஒரு கட்டுரை எழுதியது. கேள்வி எளிது: நாம் நட்டதால் காடு உண்மையிலேயே மீண்டதா? நட்டு 7 முதல் 15 ஆண்டுகள் ஆன இடம், அதே போல் சிதைந்தும் சும்மா விடப்பட்ட இடம், கை படாத காடு என மூன்றையும் அளந்து ஒப்பிட்டார்கள். நட்ட இடத்தில் மர இனங்களும் கரிமமும் கூடியிருந்தன. ஆனாலும் கை படாத காட்டை இன்னும் எட்டவில்லை. தங்கள் உழைப்பைத் தாங்களே அளந்து, குறையையும் சேர்த்து எழுதினார்கள் பாருங்கள், எனக்கு அதில் பெரிய மரியாதை.

எதிர்வீட்டுப் பெண்ணால் வால்பாறைக்குப் போக முடியாது. ஆனால் மழைக்காட்டு ஆய்வாளர்கள் கேட்கும் ஒரு கேள்வியைத் தெருமுனைப் புங்கமரத்தடியிலேயே கேட்கலாம்: பெய்யும் மழையில் எவ்வளவு தரைக்கு வருகிறது, எவ்வளவு இலையிலேயே தங்கி ஆவியாகிறது?

ஒரே மாதிரியான, பக்கம் வழவழப்பான நான்கு தண்ணீர் பாட்டில்கள் எடுத்தோம். கழுத்தை வெட்டித் தலைகீழாகப் புனல் போலச் செருகினோம். அடியில் கூழாங்கல் போட்டு, பாட்டில் நேராகத் தொடங்கும் இடம்வரை தண்ணீர் ஊற்றி, அங்கே பூஜ்யம் என்று கோடு போட்டு ஸ்கேல் ஒட்டினோம். ஒன்று மொட்டை மாடியில், சுவரை விட்டுத் தள்ளி. மூன்று மரத்தடியில்: தண்டருகே, நடுவில், கிளை முடியும் ஓரத்தில். வானிலைத் துறை அளவெடுக்கும் அதே காலை எட்டரை மணிக்கு அவளும் அளக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் என்பது புரிந்ததும் மொட்டை மாடி முழுக்கக் கணக்குப் போட்டுப் பார்த்தாள்.

புரட்டாசியில் பெய்த முதல் மழையில் மாடியில் 6 மில்லிமீட்டர். மரத்தடியில் 3, 4, ஓரத்தில் மட்டும் 7. அவள் முகம் வாடிவிட்டது. "மாடியை விட மரத்தடியில எப்படி அதிகமா வரும்? 5-ன்னு மாத்திடவா அத்தை?"

மாற்றக் கூடாது என்றேன். இலை நுனிகளில் சேர்ந்த நீர் ஓரிடத்தில் சொட்டினால் அங்கே வெளியை விடக் கூடுதலாகத்தான் விழும். காட்டில் அளப்பவர்கள் நிறைய கலன்களை வைத்துச் சராசரி எடுப்பது இதனால்தான். அந்த 7-ஐ நோட்டில் எழுதி, பக்கத்தில் ஏன் என்றும் எழுதினாள். நுரையீரல் வரியை அவளே அடித்துவிட்டாள். அவள் கட்டுரையில் எனக்குப் பிடித்தது அந்த 7 இருக்கும் பக்கம்தான். தூறலில் பெரும்பங்கு இலையிலேயே நின்றுவிடும், அடைமழையில் அந்தப் பங்கு குறையும்; இதை அவள் அளவுகள் காட்டுகின்றனவா என்று ஐப்பசி, கார்த்திகையில் பார்க்க வேண்டும்.

இப்படிப்பட்ட வேலைக்கு மேடையும் உண்டு. 1993 முதல் நடக்கும் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினையை ஆராய்ந்து கட்டுரை கொடுக்கலாம், தமிழிலேயே எழுதலாம். தமிழ்நாட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் இதை ஊர் ஊராகக் கொண்டுபோயிருக்கிறது.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு தலைப்போடு நிறுத்தாமல் ஒரு கேள்வியும் கொடுங்கள். பிள்ளை எடுத்த அளவு எது என்று கேட்டு அதற்கு மதிப்பெண் போடுங்கள். பெற்றோர்களே, ஐப்பசி பிறக்கப் போகிறது. காலி பாட்டில்களைக் குப்பையில் போடாமல் பிள்ளைகளிடம் கொடுங்கள்.