குத்தூசியின் முனை

கோட்டாறு சவேரியார் பேராலயத்திற்குப் போகும் வழியிலே, சாலையோரம் அமர்ந்து செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவரிடம் சென்ற வாரம் என் பேரனோடு நின்றிருந்தேன். மரப்பிடியும் கூரிய இரும்பு முனையுமாக அவர் பக்கத்தில் கிடந்த குத்தூசியை எடுக்கச் சிறுவன் கை நீட்டினான். "மக்கா, தொடாத!" என்று பெரியவர் அதைச் சட்டென மடிக்கு இழுத்துக்கொண்டார்.

அந்தக் கணத்தில் எனக்கு லூயி பிரெயில் நினைவுக்கு வந்தார். பாரிசுக்குக் கிழக்கே கூவ்ரே என்னும் சிற்றூரில் அவருடைய தந்தை குதிரைச் சேணம் தைப்பவர். 1812-ஆம் ஆண்டு, மூன்று வயதுப் பாலகன் பட்டறையில் தோலைத் துளைத்து விளையாடுகையில் கருவி வழுக்கிக் கண்ணில் பாய்ந்தது. புண் சீழ்ப்பிடித்து, நோய் மறு கண்ணையும் பற்ற, ஐந்து வயதில் இரு கண்களும் இருண்டன. (தாய்மார்களே, கண்ணில் கூரிய பொருள் குத்தினால் கசக்காதீர்கள், மருந்தோ தாய்ப்பாலோ விடாதீர்கள், குத்தி நிற்பதைப் பிடுங்காதீர்கள். கண்ணை அழுத்தாமல் மூடி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.)

அவ்வூர்ப் பங்குத்தந்தை பலுயி அடிகளார் சிறுவனுக்குப் பாடம் சொல்லித்தந்தார். 1819-இல் அவன் பாரிசில் பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தான். பார்பியே என்னும் படைவீரர் வகுத்திருந்த பன்னிரு புள்ளி முறையை ஆறு புள்ளிகளாகச் சுருக்கியபோது லூயிக்கு வயது பதினைந்து. ஒரு விரல்நுனிக்குள் அடங்கும் அந்த ஆறு புள்ளிகளால் அறுபத்து மூன்று குறிகளை அமைக்கலாம். 1829-இல் அம்முறை நூலாக வெளிவந்தது.

அப்புள்ளிகளை இடும் எழுத்தாணியைப் பார்த்தால் குத்தூசியின் தம்பி என்றே சொல்லத் தோன்றும். ஆனால் முனை சற்று மழுங்கியது. தோலைத் துளைத்தால்தான் குத்தூசிக்கு வேலை முடியும். எழுத்தாணியோ தாளைத் துளைத்துவிட்டால் எழுத்து கெட்டுப்போகும். தாள் கிழியாமல் மறுபுறம் புடைக்குமளவே அழுத்த வேண்டும். பின்புறமிருந்து குத்துவதால் வலமிருந்து இடமாக எழுதி, தாளைத் திருப்பி இடமிருந்து வலமாக வாசிப்பார்கள். பனையோலையில் எழுதிய நம் முன்னோருக்கும் இந்த அளவறிந்த அழுத்தம் தெரிந்திருக்கும். ஓலையில் கீற வேண்டும், கிழிக்கக் கூடாது.

1951-இல் இந்திய மொழிகளுக்கென்று பாரதி பிரெயில் ஏற்கப்பட்டது. அதில் தமிழ் 'அ'வுக்கும் மலையாள 'அ'வுக்கும் ஒரே குறிதான்: இடப்பக்கம் மேலே ஒற்றைப் புள்ளி.

லூயி 1852-இல் இறந்தார். நூறாண்டுக்குப் பின் அவர் உடலைப் பாரிசில் நாட்டின் பெரியோர் துயிலும் பாந்தியோனுக்குக் கொண்டு சென்றார்கள். கைகளை மட்டும் கூவ்ரே ஊரார் விட்டுக்கொடுக்கவில்லை; அவை அவ்வூர்க் கல்லறையிலேயே இருக்கின்றன.