கியர் பெட்டியின் முறையீடு

சிப்பிகாட் அன்பர் ஒருவர், தம் தந்தையார் விட்டுச் சென்ற பழைய அம்பாசிடர் காரை நம்மிடம் காட்டி வருந்தினார். கியர் பெட்டி இரைகிறது. முழுவதையும் மாற்றவேண்டும் என்று பணிமனையில் கூறிவிட்டனராம். 1957-இல் உத்தர்பாராவில் தொடங்கிய அவ்வண்டியின் உற்பத்தி 2014-இல் நின்றுபோயிற்று. இனிப் பெட்டிக்கு எங்கே போவது? கழற்றுமுன் அதன் ஓசையைக் கேட்போம் என்றோம்.

வண்டியை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து எஞ்சினை ஓடவிட்டோம். இரைச்சல் எழுந்தது, கிளட்சை மிதித்ததும் அடங்கியது. மிதிக்கும்போது மட்டும் ஒலித்திருப்பின் கிளட்சின் ரிலீஸ் பேரிங்கை ஐயுறலாம். ஒரே கியரில் மட்டும் ஒலித்தால் அக்கியரின் பற்களைப் பார்க்கவேண்டும். எஞ்சினைச் சாராது சக்கர வேகத்தோடு கூடிக் குறைந்தால் குற்றம் பின்னச்சினது. பின்பு ஓட்டிப் பார்த்தோம். துணைத்தண்டின்மேல் சுமை விழாத நான்காம் கியரிலும் இரைச்சல் நீங்கவில்லை. ஆகவே முன்தண்டின் பேரிங்கே பழுது எனத் துணிந்தோம்.

எண்ணெயை வடித்தபோது காரணமும் விளங்கிற்று. அது பால்போல் வெளுத்திருந்தது, நீர் கலந்துள்ளது! 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் இங்கே நிலம் தாழ்ந்து, வயல்களில் கடல் புகுந்ததை நாம் மறக்கவில்லை. பெருக்கு நீரில் வண்டியைச் செலுத்தியதாக அன்பரும் ஒப்புக்கொண்டார்.

ஒரு பேரிங்கும் புதிய எண்ணெயும் போதுமாயின. தந்தையாரின் வண்டி மீண்டும் அமைதியாய் ஓடுகிறது.

நீரில் இறங்கிய வண்டியின் எண்ணெயை உடனே பாருங்கள், அன்பர்களே. முதியோரின் முனகலைப்போல் பழம்பொருளின் ஓசையையும் பொறுமையுடன் கேட்டபின்பே முடிவு செய்வோமாக!