ஒட்ட வழித்தால் பரு போகாது

"வடிவாக ஒட்ட வழித்துவிட்டால் பரு வராது." திருகோணமலையில் கழுத்துப் பருவோடு சலூன் கதிரையில் உட்காரும் பொடியன்களுக்குத் தவறாமல் கிடைக்கும் ஆலோசனை இது. வீட்டில் தகப்பனும் இதையேதான் சொல்லுவார். கூடவே சூடு என்பார்கள், அழுக்கு என்பார்கள், கிணற்றுத் தண்ணீர் சரியில்லை என்பார்கள், சீனாக்காரம் தேய்க்கச் சொல்லுவார்கள். டொக்யார்ட் பக்கம் சீருடையோடு வேலைக்குப் போகிறவர்களும், சீனக்குடாவில் சீமெந்து, மாத் தூசுக்குள் முகமூடி போட்டு நிற்பவர்களும் அடிக்கடி சேவ் எடுத்தே ஆகவேண்டியவர்கள். இந்த ஆலோசனையால் வருஷக்கணக்காக அவதிப்படுகிறவர்களும் அவர்கள்தான். சூட்டுக்கும் தண்ணீருக்கும் பின்னர் வருகிறேன். ஒட்ட வழிக்கச் சொல்வதுதான் மிக மோசமான பிழை, ஏனென்றால் பருவை உண்டாக்குவதே அதுதான்.

நல்ல வெளிச்சத்தில் கண்ணாடிக்குக் கிட்டப்போய்த் தாடைக்குக் கீழே ஒரு பருவைப் பாருங்கள். உச்சியிலோ பக்கத்திலோ மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று தெரியும். சிலவற்றில் இரண்டு முனையும் தோலுக்குள் புதைந்த வளையமாகவே தெரியும். பலர் அழுக்கென்று நினைத்துப் பிதுக்குவது அதைத்தான். அது முடி.

சலூனில் நடப்பதைக் கவனியுங்கள். பிளேட்டைக் கடதாசியோடு இரண்டாக முறித்து, ஒரு பாதியைக் கத்தியில் செருகி முதல் தரம் மேலிருந்து கீழே வழிப்பார். அத்தோடு விட்டால் பிழையில்லை. ஆனால் மீண்டும் நுரை பூசி, பெருவிரலால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கீழிருந்து மேலே எதிர்ப்பக்கமாக வழிப்பார். கையை எடுத்ததும் இழுபட்ட தோல் பழையபடி திரும்ப, வெட்டுப்பட்ட முடியின் நுனி தோல் மட்டத்துக்குக் கீழே போய்விடும். நேரான முடியென்றால் வந்த வழியே வெளியே வரும். சுருளும் முடி தன் குழியின் சுவரையே துளைத்து உள்ளே வளரும். வெளியே வந்த முடியும் வளைந்து, ஒன்றிரண்டு மில்லிமீற்றர் தள்ளி மீண்டும் தோலுக்குள் இறங்கக்கூடும். காலில் தைத்த முள்ளைப் போலவே உடம்பு அதையும் எதிர்க்கிறது. சிவப்பும் வீக்கமும் சீழும் அதனால் வருபவை. ஸ்ட்ராஸ், கிளிக்மன் என்ற இரு அமெரிக்கத் தோல் வைத்தியர்கள் 1956இலேயே இதை விரிவாக எழுதிவிட்டார்கள். முடி இறுகச் சுருளும் கறுப்பின ஆண்களில் 45 முதல் 83 வீதம் பேருக்கு இது வருவதாக மருத்துவ நூல்கள் சொல்கின்றன. நம்மவர்களின் முடி அவ்வளவு சுருள்வதில்லை. ஆனாலும் கழுத்தில் அது பல திசைகளில் படுத்து வளர்வதால், பரு அங்கேதான் விடாமல் நிற்கிறது.

பிளேட் எண்ணிக்கை கூடக்கூட நல்லது என்ற விளம்பரமும் இந்தப் பிழையிலிருந்து பிறந்ததுதான். 1971இல் ஜிலெட் இரட்டை பிளேட் ரேசரை விற்கத் தொடங்கியது. முதல் பிளேட் முடியை இழுக்க, அது உள்ளே போகுமுன் மற்றது வெட்டும் என்பதே அதன் பெருமை. பரு வரும் தோலுக்கு வேண்டாதது அதேதான். நாளாந்தம் பல பிளேட் ரேசரால் வழித்தும் பரு கூடவில்லை என்று 2013இல் ஓர் ஆய்வு வந்தது, உண்மை. அதில் ரேசர் உற்பத்தியாளருக்கும் பங்கிருந்தது. அப்படியே எடுத்துக்கொண்டாலும், முடி வளைந்து உள்ளே இறங்கும் நீளத்துக்கு வளரவிடாதே என்பதற்குத்தான் அது சான்று. எதிர்ப்பக்கம் வழிக்க அது அனுமதி தரவில்லை.

சூட்டுக்கு வருவோம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலை எப்படிக் காயும் என்று நமக்குத் தெரியும். வியர்வை எரிச்சலைக் கூட்டும்தான். ஆனால் சூடுதான் காரணமென்றால் நெற்றியிலும் முதுகிலும் அல்லவா முதலில் வரவேண்டும்? பிளேட் படுகிற இடத்தில் மட்டும் வருவதை வேர்க்குரு என்று சொல்ல முடியாது.

தண்ணீர்க் கதையில் பாதி உண்மை உண்டு. உப்புவெளி, நிலாவெளிப் பக்கக் கடற்கரைக் கிணறுகள் பலவற்றில் சவர்த்தண்ணீர். அதில் சவர்க்காரம் நுரைக்காது, நுரையில்லாத தோலில் பிளேட் இழுபடும். முகத்துக்கு மட்டும் ஒரு கோப்பை குழாய்த் தண்ணீர் வைத்துக்கொண்டால் எரிச்சல் குறையும், உள்ளே போன முடி அங்கேயே இருக்கும். சீனாக்காரமும் அப்படித்தான். சிறு வெட்டின் இரத்தத்தை நிறுத்தும், புதைந்த முடியை வெளியே எடுக்காது. தேசிக்காய்ச்சாறு பூசிக்கொண்டு வெயிலில் இறங்கினால் தோல் வெந்து கருகும், தயவுசெய்து வேண்டாம். பார்மசியில் கேட்டு வாங்கும் ஸ்டீரொய்ட் களிம்பு இரண்டு நாளில் சிவப்பை அமர்த்தும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்துவிடும்.

அப்படியென்றால் என்ன செய்வது? பரு மோசமாக இருந்தால் மூன்று, நான்கு கிழமை பிளேட்டையே தொடாதீர்கள். முடி ஒரு சென்ரிமீற்றர் அளவு வளரும்போது, புதைந்தவற்றில் பெரும்பாலானவை தாமாகவே நிமிர்ந்து வெளியே வந்துவிடும். வளையமாகத் தெரிவதைச் சுத்தமான ஊசியால் மெல்ல நெம்பி விடலாம், பிடுங்கக் கூடாது. பிடுங்கிய இடத்தில் அடுத்த முடி மீண்டும் உள்ளேயே வளரும். விட்டுவிட்டால் பிறகு தடிப்பாக வளருமே என்ற பயமும் தேவையில்லை. வழிப்பதற்கும் முடியின் தடிப்புக்கும் சம்பந்தமில்லை என்று மில்ட்ரெட் டிரொட்டர் 1928இலேயே காட்டிவிட்டார்.

சீருடைக்காரனுக்குத் தாடி ஒழுங்கீனம் என்பார்கள். 1957 வரை இந்தத் துறைமுகத்தைத் தளமாக வைத்திருந்த பிரித்தானியக் கடற்படையே 1869இலிருந்து முழுத்தாடிக்கு இடம் கொடுத்த படை. சேவ் எடுப்பதை நிறுத்த மாலுமி அனுமதி கேட்பது அங்கே வழமை. அப்படியிருக்க, கழுத்தில் சீழோடு வரும் ஊழியனின் வைத்தியக் கடிதத்தை ஒரு மேலதிகாரி ஏன் தட்டிக்கழிக்க வேண்டும்?

மீண்டும் வழிக்கத் தொடங்கும்போது குளித்த பிறகு வழியுங்கள். சில நிமிடம் நனைந்த முடி மெதுவாகும், அழுத்தம் தேவைப்படாது. ஒற்றை பிளேட், முடி படுத்திருக்கும் திசை, ஒரே ஒரு தரம். தோலை இழுக்க வேண்டாம். சலூனென்றால், "அண்ணை, ஒருக்கா போதும், எதிர்ப்பக்கம் வேண்டாம்" என்று உட்காரும்போதே சொல்லிவிடுங்கள். மெஷினால் ஒரு மில்லிமீற்றர் விட்டு வெட்டுவது இன்னும் நல்லது. முகத்தோடு இறுகப் பொருந்தவேண்டிய முகமூடி அணிபவருக்கு மட்டும் அந்த ஒரு மில்லிமீற்றரும் இடைஞ்சல். அவரும், பரு தழும்பாகித் தடிக்கத் தொடங்கியவரும் தோல் வைத்தியரைப் பார்க்கத்தான் வேண்டும். பென்சோயில் பெரொக்சைட், அடபலீன் போன்ற பூச்சுகள் இருக்கின்றன. லேசருக்குச் செலவு கூட. போவதென்றால் 1064 நானோமீற்றர் என்டி-யாக் லேசரா என்று கேட்டுவிட்டுப் போங்கள். நமது நிறத்துத் தோலைச் சுடும் ஆபத்து அதில் குறைவு.