அனியூரிசம்: மில்லிமீட்டர் மட்டும் போதாது

மூளை ரத்தக்குழாயில் பலூன்போல் புடைத்து நிற்கும் அனியூரிசத்தின் அளவை மட்டும் பார்த்து, “சின்னதுதான், பயப்பட வேண்டாம்” என்று நோயாளியை அனுப்பிவிடக் கூடாது. ஒவ்வொரு ஸ்கேன் அறிக்கையிலும் அதன் வடிவமும் எழுதப்பட வேண்டும் என்பது எங்கள் அமைப்பின் நிலைப்பாடு.

பெரியவர்களில் நூற்றுக்குச் சுமார் 3 பேருக்கு இந்தப் புடைப்பு உண்டு. பெரும்பாலானவை கடைசிவரை வெடிப்பதில்லை. “சின்னது” என்பதற்கான 7 மில்லிமீட்டர் எல்லை 2003இல் வெளியான பன்னாட்டு ஆய்வால் நிலைபெற்றது. அதைவிடச் சிறிய புடைப்பு மூளையின் முன்புற ரத்த ஓட்டத்தில் இருந்து, முன்பு ரத்தக்கசிவும் ஏற்படாதவர்களில் ஐந்தாண்டுகளில் ஒருவருக்கும் அது வெடிக்கவில்லை என்றது அந்த ஆய்வு. ஆனால் ரத்தக்கசிவோடு அவசரப் பிரிவுக்கு வருகிறவர்களில் பலருக்கு இருப்பது 7 மில்லிமீட்டருக்கும் குறைவான புடைப்புதான். இந்த முரண்தான் எங்களை வடிவத்தின் பக்கம் திருப்பியது.

ஜப்பானில் 5,720 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்டுக்கு 0.95 சதவீதப் புடைப்புகள் வெடித்தன. புடைப்பின்மேல் இன்னொரு குட்டிப் புடைப்பு முளைத்திருந்தால் அபாயம் 1.63 மடங்கு. ஃபின்லாந்தின் குவோப்பியோ ஆய்வாளர்களும், அளவு எதுவானாலும் ஒழுங்கற்ற வடிவம் வெடிப்போடு தொடர்புடையது என்று 2016இல் காட்டினார்கள். சுவர் மெலிந்து நலிந்த இடமே பெரும்பாலும் அப்படிப் பிதுங்குகிறது. புடைப்பு முளைத்த தாய்க்குழாயின் விட்டமும் முக்கியம்: 4 மில்லிமீட்டர் குழாயில் உள்ள 5 மில்லிமீட்டர் புடைப்பும், 2 மில்லிமீட்டர் குழாயில் உள்ள அதே புடைப்பும் ஒன்றல்ல.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. வெடிக்கும்போதே புடைப்பின் வடிவம் மாறக்கூடும். அதனால், வெடித்ததையும் வெடிக்காததையும் ஒப்பிடும் ஆய்வுகள் வடிவத்தின் பங்கை மிகைப்படுத்தலாம். வெடிக்கும் முன்பே கண்காணித்த ஜப்பான் ஆய்வுக்கு நாங்கள் கூடுதல் மதிப்புத் தருவது இதனால்தான். வடிவம் கோணலாக இருக்கிறது என்பதற்காகவே அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. புடைப்புக்குக் கிளிப் போடுவதிலும், உள்ளே காயில் (கம்பிச்சுருள்) வைப்பதிலும் ஆபத்து உண்டு. வயது, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம், குடும்பத்தில் முன்பு நேர்ந்த ரத்தக்கசிவு, புடைப்பு இருக்கும் இடம் எல்லாவற்றையும் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும்.

கதிரியக்க மருத்துவர்களிடம் நாங்கள் கேட்பது இது. புடைப்பின் உயரம், அதன் கழுத்தின் அகலம், தாய்க்குழாயின் விட்டம், குட்டிப் புடைப்பு உண்டா இல்லையா என்பதை எழுதுங்கள். மறுபரிசோதனையில் பழைய அறிக்கையோடு நிற்காமல், பழைய படங்களையே எடுத்து ஒப்பிடுங்கள். அளவு கூடாமலே வடிவம் மாறியிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

நோயாளிகளே, ஸ்கேன் சிடியைப் பத்திரமாக வைத்திருங்கள். புகைப்பதை நிறுத்துங்கள். ரத்த அழுத்த மாத்திரையை விடாதீர்கள். வாழ்க்கையில் இதுவரை வராத கடும் தலைவலி திடீரென்று வந்தால், காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.